மாணிக்கம், வயது மூன்று

போன வாரம் கோகிலா ஃபோன் பண்ணா. நான் ரிட்டயர் ஆனபிறகு எங்க ஸ்டேஷன்ல ரைட்டர் மேசையில உக்காந்திருக்கிற பொண்ணு. ரைட்டர்னா கதை எழுதுறவங்க இல்ல. போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரு என்ன புகாரோட வந்தாலும் அதைக் கேட்டுத் தாள்ல எழுதுற ஏட்டுதான் ரைட்டர். அந்த நாற்காலியில நான் பத்தொம்பது வருசம் உக்காந்திருந்தேன்.

"அம்மா, ஒரு கேஸை 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்'னு முடிக்கணும்னா அறிக்கையை எப்படி ஆரம்பிக்கிறது? பழைய ஃபைலைப் புரட்டுனேன், நீங்க எழுதுனது ஒண்ணு கெடந்துச்சு. மூணு தடவை படிச்சேன், ஒண்ணும் வெளங்கல"ன்னா.

"எந்தக் கேஸுடி?"

"மாணிக்கம் கேஸு. கடைசிவரைக்கும் அந்தப் புள்ள கெடச்சுச்சா இல்லையான்னே தெரியலையேம்மா."

எழுதுன எனக்கே இன்னும் வெளங்கல, இவளுக்கு எங்கிட்டு வெளங்கப்போகுது? கொழம்பு அடுப்புல இருக்கு, அப்புறம் பேசுறேன்னு வச்சுட்டேன். பொய்தான். அன்னைக்கு அடுப்பே பத்தவைக்கல. அந்தக் கேஸை எங்கயிருந்து ஆரம்பிச்சுச் சொல்றதுன்னு தெரியல, அதான். இப்பச் சொல்லிப் பாக்குறேன்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கம், கம்பும் மிளகாயும் போடுற குடும்பம். போலீஸுக்கு எழுதிப்போட்டேன், ஓடச் சொன்னாங்க ஓடுனேன், கயிறு ஏறச் சொன்னாங்க ஏறுனேன், எடுத்துக்கிட்டாங்க. ட்ரெயினிங்ல துப்பாக்கியைக் கழட்டி மாட்டச் சொல்லிக் குடுத்தாங்க. அந்தத் துப்பாக்கியை அதுக்கப்புறம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கத்தான் தொட்டேன். கையெழுத்து குண்டு குண்டா இருக்குன்னு மேசையில உக்கார வச்சுட்டாங்க. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், கடலோரத்து ஸ்டேஷன். அதுவரைக்கும் நான் கடலைப் பாத்தது ராமேஸ்வரத்துல அய்யாவுக்குத் திதி குடுக்க வந்தப்ப ஒரே ஒரு நாள்தான்.

வந்த மூணாம் நாளே மானம் போச்சு. ஒரு பெரியவரு ஓடி வந்தாரு. "தாயி, என் வள்ளத்தை எவனோ அவுத்துட்டுப் போயிட்டான்"னாரு. நான் எழுதிட்டேன்: 'எனக்குச் சொந்தமான வெல்லம் திருடு போய்விட்டது.' அவுத்துட்டுன்னா சாக்கை அவுத்துன்னு நெனச்சுக்கிட்டேன். "எத்தனை கிலோ?"ன்னு வேற கேட்டேன். அவரு திருதிருன்னு முழிச்சாரு. "கிலோவா? ஏழு பேரு போலாம் தாயி"ன்னாரு. வெல்லத்துல எப்படி ஏழு பேரு போவாங்கன்னு நான் முழிச்சேன். கடலோரத்துல வள்ளம்னா படகுன்னு அப்புறந்தான் சொன்னாங்க.

அப்ப இருந்த இன்ஸ்பெக்டர் ரெண்டு மாசத்துல மாத்தலாகிப் போயிட்டாரு. ரொம்ப வருசம் கழிச்சு, என் சர்வீஸோட கடைசிக் காலத்துல ஒரு இன்ஸ்பெக்டர் வந்தாரு. நெல்லைப் பக்கத்துக்காரரு, ஒல்லி, வாயில எப்பவும் ஒரு கிராம்பு. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. கோவம் வந்தா மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரு, அம்புட்டுதான். அந்தத் துடைப்புக்கு ஸ்டேஷனே நடுங்கும்.

அவரு எந்தத் தாளையும் கண்ணால படிக்க மாட்டாரு. நாற்காலியில சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டு, "வாசிங்க ரைட்டரம்மா"ம்பாரு. நான் சத்தமா வாசிக்கணும். தப்பு இருந்தா கண்ணைத் தொறப்பாரு. புகார் குடுக்க வந்தவங்களுக்கும் அதே மாதிரி முழுசா வாசிச்சுக் காட்டியே ஆகணும். புகாருக்குக் கீழ ஒரு வரி வரும், 'படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது'ன்னு. எல்லா ஸ்டேஷன்லயும் அந்த வரி இருக்கும். எத்தனை ஸ்டேஷன்ல நெசமா படிச்சுக் காட்டுறாங்கன்னு என்கிட்டக் கேக்காதீங்க. "அந்த வரி பொய்யின்னா மேல உள்ள எந்த வரியும் நிக்காது"ன்னு சொல்லுவாரு. நான் என் வெல்லக் கதையை அவருகிட்டச் சொன்னேன். சிரிக்கல. "படிச்சுக் காட்டியிருந்தா அவரே திருத்தியிருப்பாரு"ன்னாரு.

அது ஒரு வியாழக்கிழமை. இன்ஸ்பெக்டர் மீட்டிங்குக்கு ராம்நாடு போயிருந்தாரு. மத்தியானம் பன்னெண்டு இருக்கும், ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே வந்துச்சு. முப்பது வயசு, கருப்பு புர்கா, செருப்பை எங்கயோ விட்டுட்டு வெறுங்காலோட நின்னுச்சு. பேரு நஸீமா, கீழக்கரை, புருசன் துபாய்ல.

"அக்கா, என் மாணிக்கத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாரு அக்கா. சிலோனுக்குக் கொண்டுபோகப் போறாரு"ன்னுச்சு.

பிள்ளைக் கடத்தல். அதுவும் அக்கரைக்கு. தாளை எடுத்தேன். அந்தப் பேச்சை அப்படியே எழுதுறேன், நீங்களே சொல்லுங்க, நான் என்னன்னு நெனச்சிருக்கணும்னு.

"பேரு மாணிக்கமா?" "ஆமாக்கா."

"வயசு?" "மூணு வருசம் ஆச்சு."

"அப்பா பேரு என்ன போடட்டும்?" அது கொஞ்சம் முழிச்சிட்டு, "அப்பால்லாம் இல்லக்கா. யோகராசா அண்ணந்தான் மொதல்ல பிடிச்சுக் குடுத்தாரு. வளத்தது முழுக்க நான்தான்." அப்ப வளர்ப்புப் பிள்ளை. "யோகராசா யாரு?" "மண்டபம் கேம்ப்ல இருக்காரு, பெயின்ட் வேலை. அவருதான் இப்பக் கொண்டுபோனது."

பாத்தீங்களா? கேம்ப்ல ஒரு அகதி, பிள்ளையைத் தத்துக் குடுத்துட்டு, இப்பத் திரும்பத் தூக்கிட்டு ஊருக்குப் போறான். இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?

"நிறம்?" "இப்பச் சாம்பல் கலரா இருக்கும். இனிமேதான் செவக்கும்." அழுகையில உளறுதுன்னு நெனச்சு 'மாநிறம்'னு எழுதுனேன். பத்தொம்பது வருசமா எல்லாருக்கும் மாநிறம்தான் எழுதியிருக்கேன்.

"அடையாளம்?" "எடது தோள்ல ஒரு வெடிப்பு." 'தழும்பு'ன்னு எழுதுனேன்.

"எடை?" "நாப்பது கிலோ." "நாப்பதா, பதினாலா?" அது மூக்கைச் சிந்திக்கிட்டுத் தலையை ஆட்டுச்சு. பதினாலுன்னு போட்டேன்.

"என்ன உடுத்தியிருந்தான்?" "ஒண்ணும் உடுத்தாதுக்கா." சின்னப் புள்ளதானே, சரி.

"ஃபோட்டோ?" "என் ஃபோன்லதான் இருந்துச்சு. இப்பப் போயிருச்சு"ன்னு சொல்லி ஓன்னு அழுதுச்சு. ஃபோட்டோவையும் அழிச்சுட்டானா படுபாவின்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஒவ்வொரு கட்டத்தையும் கேட்டேன். ஒண்ணே ஒண்ணை மட்டும் கேக்கல. மாணிக்கம் மனுசனான்னு கேக்கல. அதுக்குப் பாரத்துல கட்டம் இல்லையே! எவளாச்சும் கேப்பாளா?

இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போட்டேன். முழுசாக் கேட்டுட்டு, "படிச்சுக் காட்டிட்டீங்களா?"ன்னாரு. படிச்சுக் காட்ட எங்க நேரம்? படகு ஏறிட்டான்னா பிள்ளை போச்சு. "காட்டிட்டேன் சார்"ன்னேன். "சரி, எஃப்.ஐ.ஆர் போடுங்க. எல்லா செக்போஸ்ட்டுக்கும் சொல்லிருங்க. நான் வாரேன்"ன்னாரு. அந்தப் பொண்ணு தாளை ஏறிட்டுக்கூடப் பாக்காம கையெழுத்துப் போட்டுச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒரு அமுக்கு அமுக்குனேன். நம்பர் விழுந்துருச்சு. நம்பர் விழுந்தா விழுந்ததுதான். கிழிக்க முடியாது, அழிக்க முடியாது, நாங்களே நெனச்சாலும் வாபஸ் வாங்க முடியாது. கோர்ட்தான் முடிக்கணும்.

அவசரத்துல அண்டாக்குள்ள கூட கை நுழையாதும்பாங்க. எனக்கு நுழைஞ்சுச்சு. எடுக்கத்தான் முடியல.

வயர்லெஸ்ல நான் சொன்ன அடையாளம் பாலத்துல இருந்து தொண்டி வரைக்கும் போச்சு. படகுத் துறையெல்லாம் ஆளு. முறுக்குத் தின்னுக்கிட்டு அம்மா மடியில உக்காந்துபோன ஒரு புள்ளையை பஸ்ஸை மறிச்சு இறக்கி, சட்டையைக் கழட்டித் தோளைப் பாத்திருக்காங்க. அந்தம்மா போலீஸை வஞ்ச வசவு வயர்லெஸ்லயே கேட்டுச்சு.

மூணு மணிக்கு யோகராசாவைக் கொண்டாந்தாங்க. கேம்ப்ல அன்னைக்கு ஆள் கணக்கெடுப்பு, வரிசையில நின்னவரை அத்தனை சனத்துக்கு முன்னால கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்காங்க. முப்பத்தஞ்சைத் தாண்டுன ஆளு. நகக்கண்ணுல நீலப் பெயின்ட். இன்ஸ்பெக்டரும் அப்பத்தான் வந்து இறங்குனாரு.

"மாணிக்கம் எங்க?"ன்னாரு.

"என்ட போனுக்குள்ள இருக்கு ஐயா."

"ஃபோட்டோ கேக்கல. ஆளு எங்க?"

"ஆளும் போனுக்குள்ளதான் ஐயா."

ஏட்டு ஒருத்தர் கையை ஓங்கிட்டாரு. இன்ஸ்பெக்டர் வேணாம்னு விரலை ஆட்டுனாரு. "போன் சார்ஜ் இறங்கிட்டுது ஐயா. வயர் குடுத்தா காட்டுறன்"னாரு யோகராசா. என் சார்ஜரைத்தான் குடுத்தேன். மேசையைச் சுத்தி அஞ்சு போலீஸு, ஃபோன் உயிர் வரட்டும்னு வாயைப் பொளந்துக்கிட்டு நின்னோம்.

வந்துச்சு. ஆமை மாதிரி கூன் போட்ட ஒரு உரு, உடம்பு பூரா செவப்புக் கல்லு, உள்ளுக்குள்ள வெளக்கு வச்ச மாதிரி மினுங்குது. தலைக்கு மேல தமிழ்ல 'மாணிக்கம்'னு பேரு. அது எங்களைப் பாத்து ஒரு குதி குதிச்சுச்சு.

இன்ஸ்பெக்டர் அதையே ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் என்னையப் பாத்தாரு. "ரைட்டரம்மா, எஃப்.ஐ.ஆர்ல மாநிறம்னு இருக்கு. இது செவப்பா இருக்கே. தழும்பும் காணோம். இதே ஆளுதானா?"ன்னாரு. கிண்டலா, நெசமாவே கேக்குறாரான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

நல்ல வேளைக்கு நஸீமாவோட மாமியாரு வந்து சேந்தாங்க. ஜமீலா மாமி. மருமகளைத் தேடிக்கிட்டு பஸ் மாறி வந்திருக்காங்க. ஸ்டேஷன்ல கால் வச்சதுமே, "யா அல்லாஹ், விளையாட்டுக்கா போலீஸு வரைக்கும் வந்தே?"ன்னு மருமகளை ஒரு முறை முறைச்சாங்க. அப்புறம் இன்ஸ்பெக்டருக்கு எதுத்தாப்புல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து பாடம் எடுத்தாங்க பாருங்க!

"சார், அது புள்ள இல்ல, கல்லு. ஃபோன்ல ஒரு கேம். ஊரு ஊரா நடந்து அந்தச் சீவனுகளைப் பிடிக்கணும். ஒவ்வொண்ணும் ஒரு கல்லு. உப்பு, கந்தகம், இரும்பு, கரின்னு. இது குருந்தக்கல்லு. பாறையா இருக்கும், உள்ள செவப்பு ஒளிஞ்சிருக்கும். அதுக்கு உப்புத்தான் தீனி. உப்பளத்துக்கிட்ட நடந்தாத்தான் உப்பு கெடைக்கும். இதுக்காக நானும் இவளும் வாலிநோக்கம் போயி வெயில்ல நடந்திருக்கோம். என் முழங்காலைக் கேளுங்க."

"சரிம்மா. ஏன் கைமாத்துனாங்க?"

"எம்புட்டுத் தீனி போட்டாலும் ஒருத்தர் கையிலயே இருந்தா அது பாறையாத்தான் இருக்கும் சார். தீனி முடிஞ்சு இன்னொருத்தர் கைக்குப் போனாத்தான் பாறை ஒடைஞ்சு மாணிக்கமா மாறும். மாறுனதும் திருப்பி வாங்கிக்கலாம். ரெண்டு பேரும் பக்கத்துல நின்னாத்தான் மாத்த முடியும். அதான் இந்த ஊரு பஸ் ஸ்டாண்டுல சந்திச்சிருக்காங்க."

மிச்சத்தை யோகராசா சொன்னாரு. அவரு பேச்சுல பாதி அந்தக் கரை, பாதி இந்தக் கரை. "மாத்தினவுடன கேம்ப்ல இருந்து போன் வந்தது, கணக்கெடுப்புக்கு வரச்சொல்லி. ஓடிட்டன். பின்னேரம் குடுக்கலாம் எண்டு நினைச்சன். போன் செத்துப்போச்சு." இந்தக் கல்லு விளையாடுற கூட்டத்துல எவனோ ஒருத்தன் நஸீமாகிட்ட, "யோகராசா அண்ணன் ஞாயித்துக்கிழமை சிலோனுக்கே போறாரு, இனி வரமாட்டாரு"ன்னு சொல்லியிருக்கான். அதைக் கேட்டுத்தான் அது வெறுங்காலோட ஓடி வந்திருக்கு.

சரி, சிரிச்சுட்டுப் போகவேண்டியதுதானேம்பீங்க. நாங்களும் சிரிச்சோம். யோகராசா மட்டும் சிரிக்கல.

"ஐயா, என்ட பேரில கேஸ் இருக்கோ?"ன்னாரு.

அப்பத்தான் எல்லாருக்கும் சிரிப்பு நின்னுச்சு. அவருக்கு ஊருக்குப் போக அனுமதி கெடச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை மதுரையில இருந்து ஃப்ளைட். சண்டை நேரத்துல சின்னஞ்சிறுசா இருந்தவரைப் பெரியப்பா கூட இங்கன அனுப்பிட்டு, அடுத்த படகுல வாரேன்னு சொன்ன அம்மாவால வரவே முடியல. அதுக்கப்புறம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு இப்பத்தான் தாளெல்லாம் கூடிவந்திருக்கு. அம்மாவுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. "டொக்டர்மார் நாள் குறிச்சுட்டினம் ஐயா"ன்னாரு. பேருல வழக்கு இல்லைன்னு சனிக்கிழமைக்குள்ள ஸ்டேஷன்ல இருந்து தாள் போகணும். கடத்தல் கேஸ்ல மொத எதிரியா அவரு பேரை என் குண்டுக் கையெழுத்துல எழுதி, கம்ப்யூட்டர்லயும் ஏத்தி, மூணு மணி நேரம் ஆகியிருந்துச்சு.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில சாஞ்சாரு. கண்ணை மூடுனாரு. "வாசிங்க ரைட்டரம்மா. அந்தப் பொண்ணைப் பாத்து வாசிங்க"ன்னாரு.

வாசிச்சேன். 'எனது வளர்ப்பு மகன் மாணிக்கம்'னு ஆரம்பிச்சதுமே நஸீமா, "மகன்னு நான் சொல்லலையேக்கா"ன்னுச்சு. 'மாநிறம்.' "சாம்பல்னுல சொன்னேன்." 'எடை பதினாலு கிலோ.' "நாப்பதுக்கா. கல்லுல்ல?" 'ஆடையின்றி'ன்னு வாசிச்சப்ப ஜமீலா மாமி முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க. ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பொண்ணு மெதுவா, மரியாதையா, இல்லக்கா இல்லக்கான்னுது. அது ஒரு பொய்யும் சொல்லல. எல்லாத்தையும் நான்தான் மனுசனாக்கி எழுதியிருக்கேன். அனுபவம் அனுபவம்ங்கிறோமே, அதுதான் அன்னைக்கு என் கண்ணைக் கட்டிவிட்டுச்சு.

கடைசி வரி வந்துச்சு. 'படித்துக் காட்டக் கேட்டேன்'. அதோட தாளை மேசையில வச்சுட்டேன்.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் தொறந்தாரு. கண்ணாடியைக் கழட்டி, கர்ச்சீப்பை எடுத்து, ரெண்டு பக்கமும் மெதுவாத் துடைச்சாரு. அத்தனை பேருக்கு முன்னால என்னைய நாலு வார்த்தை வஞ்சிருந்தாக்கூடப் பரவால்லைன்னு இருந்துச்சு.

வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போயிச் சொன்னாரு. "ரெண்டு வழி இருக்கு. அந்தப் பொண்ணு பொய்ப் புகார் குடுத்துச்சுன்னு எழுதலாம். கையெழுத்து இருக்கு, படிச்சுக் காட்டுனதாவும் இருக்கு. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா அந்தப் பொண்ணு மேல கேஸ் ஆகும், இழுக்கும், நாளைக்கே முடியாது. இன்னொண்ணு மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட், விவரத்தைத் தப்பாப் புரிஞ்சு போட்ட கேஸுன்னு எழுதுறது. நாளைக்குக் காலையில கோர்ட்ல குடுத்தா முடிய வாய்ப்பிருக்கு. ஆனா மிஸ்டேக்னா, யாரோட மிஸ்டேக்னு மாஜிஸ்ட்ரேட் கேப்பாங்க."

எனக்கு எஸ்.எஸ்.ஐ ப்ரமோஷன் லிஸ்ட்ல பேரு வந்திருந்துச்சு. அடுத்த மாசம் தோள்ல நட்சத்திரம். இதை ஏன் சொல்றேன்னா, நான் ஒண்ணும் உடனே நல்லவளாயிடல. கால் மணி நேரம் வராந்தாத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுச்சுல்ல, படிச்சுப் பாக்காம ஏன் போட்டுச்சுன்னு மனசு வக்காலத்து வாங்குச்சு. உள்ள யோகராசா பெஞ்சுல உக்காந்து நகத்துல ஒட்டியிருந்த பெயின்ட்டைச் சொரண்டிக்கிட்டே இருந்தாரு. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு, "அக்கா, ஞாயிறு போக விடுவினமோ?"ன்னாரு. நீதானே எழுதுனேன்னுகூடக் கேக்கல.

போயி உக்காந்து எழுதுனேன். 'புகார்தாரர் கூறியதை எழுத்தராகிய நான் தவறாகப் புரிந்துகொண்டு, அவருக்குப் படித்துக் காட்டாமலேயே கையொப்பம் பெற்றேன்.' இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக் கேட்டாரு. "நான் ஃபோன்ல கேட்டேன். நீங்க காட்டிட்டேன்னீங்க. அதையும் எழுதுங்க"ன்னாரு. சுருக்குன்னு இருந்துச்சு. அதையும் எழுதுனேன். ஃபோனைச் சொத்தாக் கைப்பற்றணுமான்னு கேட்டேன். "இன்னொரு தாளைக் கூட்டாதீங்க. அது வேற உள்ள மாட்டிக்கிட்டா மாணிக்கத்தை யாரு ஜாமீன்ல எடுக்கிறது?"ன்னாரு. அவரு பண்ணுன ஒரே ஜோக்கு அதுதான். அது ஜோக்குன்னு எனக்கு ஞாயித்துக்கிழமைதான் ஒறைச்சுச்சு.

அறிக்கையோட ஒரு பாரம். கடைசிக் கட்டம்: 'காணாமல் போனவர் கண்டுபிடிக்கப்பட்டாரா?' ஆமான்னு போட்டா பிள்ளையைக் கொண்டாந்து நிறுத்தணும். இல்லைன்னு போட்டா தேடிக்கிட்டே இருக்கணும். பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். "பொருந்தாதுன்னு எழுதுங்க"ன்னாரு. எழுதிட்டேன்.

வெள்ளிக்கிழமை கோர்ட். மாஜிஸ்ட்ரேட் ஒரு அம்மா. அறிக்கையை ரெண்டு தடவை திருப்பிப் பாத்தாங்க. "குழந்தை எங்க?"

"குழந்தை இல்லைங்கம்மா."

"இறந்துபோச்சா?"

"இல்லைங்கம்மா. பெறக்கவே இல்ல."

"அப்புறம் எதைத்தான்மா கடத்துனாங்க?"

"கல்லுங்கம்மா."

"மாணிக்கக் கல்லா? அப்ப இது திருட்டுக் கேஸ்ல?"

"கல்லும் இல்லைங்கம்மா"ன்னேன். கோர்ட்டே கொல்லுன்னு சிரிச்சுச்சு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு நின்னுச்சு. மாஜிஸ்ட்ரேட் மட்டும் சிரிக்கல. கடைசிப் பத்தியைப் படிச்சுட்டு நிமிந்தாங்க. "படிச்சுக் காட்டலையா?" "இல்லைங்கம்மா." "காட்டுனதா எழுதியிருக்கீங்க." "ஆமாங்கம்மா." என் பக்கத்துல இன்ஸ்பெக்டர் கைகட்டி நின்னாரு. அவரு வரணும்னே அவசியமில்ல. சாயங்காலம் நாலு மணிக்கு, முடிக்கலாம்னு உத்தரவு வந்துச்சு.

சனிக்கிழமை மத்தியானம் யோகராசாவுக்குத் தாள் கெடச்சுருச்சு. நஸீமாவும் மாமியும் ஸ்டேஷனுக்கே வந்துட்டாங்க. வாசல் வேப்பமரத்தடியில ரெண்டு ஃபோனையும் பக்கத்துல வச்சாங்க. இந்தக் கண்ணாடியில இருந்த செவப்புக் கல்லு மங்கி மறைஞ்சு, அந்தக் கண்ணாடியில போயி நின்னு ஒரு குதி குதிச்சுச்சு. ரெண்டு பேர் கண்ணுலயும் தண்ணி. எதுக்கு அழறாங்கன்னு எனக்கு வெளங்கல. எனக்கும் எதுக்கு வந்துச்சுன்னு வெளங்கல.

"இதுக்கு வேற பேரு வைக்கலாம்னு எத்தனையோ தடவை பாத்தேண்ணே, முடியல"ன்னு நஸீமா சொல்லுச்சு. மொதல்ல பிடிச்சவங்க வச்ச பேரை வேற யாரும் மாத்த முடியாதாம்.

"அந்தப் பேரே இருக்கட்டும்"னு மட்டும் சொல்லிச் சிரிச்சாரு யோகராசா. என் நம்பரை வாங்கிக்கிட்டுப் போனாரு.

எனக்கு சார்ஜ் மெமோ வந்துச்சு. நட்சத்திரம் ஒரு வருசம் தள்ளிப்போச்சு. இன்ஸ்பெக்டர் மாத்தலாகிப் போறப்ப கிராம்பு டப்பாவை என் மேசையில வச்சுட்டுப் போயிட்டாரு. மறந்து வச்சாரா, வேணும்னு வச்சாரான்னு தெரியல. அதுவும் என் கணக்குல வெளங்காத ஒண்ணு.

யோகராசா ஊருக்குப் போயிப் பத்து நாள் இருக்கும். ஃபோன்ல அவரு குரல் வந்து விழுந்துச்சு, பேசி அனுப்புன மெசேஜ். கோழி கூவுற சத்தம், யாரோ தண்ணி மொள்ளுற சத்தம். "ரைட்டர் அக்கா, வந்து சேந்திட்டன். அம்மா இருக்கிறா. கண்தான் வடிவாத் தெரியேல்லை. என்ட முகத்தைக் கையாலதான் பாத்தவ"ன்னாரு. அதுக்குள்ள பின்னாலயிருந்து ஒரு கிழவிக் குரல், பஞ்சு மாதிரி: "ஆரோட கதைக்கிறாய், மாணிக்கம்?"

அவரு சிரிச்சாரு. "அம்மா என்னை அப்பிடித்தான் கூப்பிடுறவ அக்கா. மூண்டு வயசில வள்ளத்தில ஏத்தி விடேக்கயும் அப்பிடித்தான் கூப்பிட்டு அழுதவவாம். பெரியப்பா சொல்லுவார். அதுதான் அந்தக் கல்லுக்கும் வச்சனான்."

நான் அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. வள்ளத்துல. வெல்லம்னு எழுதுன கைதான் இது. காணாமல் போனவர் பெயர்: மாணிக்கம். வயது: மூன்று. படகில் அக்கரைக்குக் கொண்டு செல்லப்பட்டதாகத் தெரிகிறது. அம்புட்டையும் நான் தப்புன்னு கோர்ட்ல ஒத்துக்கிட்டு, கையெழுத்துப் போட்டு முடிச்சு வச்சிருக்கேன்.

கோகிலா மறுபடி கூப்பிடுவா. அறிக்கையை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு சொல்லிக் குடுத்துருவேன், அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. அந்தப் புள்ள கெடச்சுச்சாம்மான்னு கேட்டா, கெடச்சிருச்சுடி, அவங்க அம்மாகிட்டயே போயிச் சேந்துருச்சுன்னு சொல்லலாம்னு இருக்கேன். ஃபைல்ல என்ன எழுதியிருந்தாலும் சரி.